பெற்றவள் பெயரும் வளர்த்தவள் பெயரும்

பிறந்த பிள்ளையை இன்னொருத்தி மடியில் கொடுப்பது தோட்டப்புறத்துக்குப் புதிய சங்கதி அல்ல. வட்டவளை, றொசல்ல, ஹட்டன், டிக்கோயா என்று மலைநாட்டில் எந்த லயத்தில் விசாரித்தாலும், எடுத்து வளர்த்த பிள்ளை ஒன்றின் கதை கிடைக்கும். பிள்ளையைக் கொடுத்த விதமும் எடுத்த விதமும்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. சொந்தங்களுக்குள் மடி மாறிய காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் விமானம் ஏறிப்போன காலம் ஒன்று வந்தது. அன்று போன பிள்ளைகள் இன்று நாற்பது வயதில், கையில் ஒரு கோப்போடு, பெற்றவளைத் தேடி இந்த மலை ஏறி வருகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாம் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை இனி நடக்க விடக்கூடாது என்பது தெரியும்.

லயத்துக்குள் மடி மாறிய பிள்ளை

அக்காளுக்குப் பிள்ளை இல்லை, தங்கைக்கு நாலாவது பிறந்திருக்கிறது என்றால் பேச்சு தானாகவே தொடங்கும். "இந்தப் புள்ளய எனக்குத் தந்துரு, நா வளத்துக்கிறேன்" என்பாள் அக்காள். வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால், தீட்டுக் கழிந்த பிறகு பிள்ளை மடி மாறும். யாரும் நீதிமன்றத்துக்குப் போனதில்லை, கையெழுத்து வைத்ததில்லை. சாமி கும்பிட்டு, இரண்டு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டால் காரியம் முடிந்தது.

பெற்றவள் மேல் லயத்தில் இருப்பாள், வளர்த்தவள் கீழ் லயத்தில் இருப்பாள். காலையில் இருவரும் ஒரே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பிள்ளை பிள்ளைக்காம்பராவில் கிடக்கும். நடுவில் பால் கொடுக்க இறங்கி வருகிறவள் பெற்றவள். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போகிறவள் வளர்த்தவள். பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஒருத்தியை அம்மா என்றும் மற்றவளைச் சின்னம்மா என்றும் கூப்பிடும். தன்னைச் சுமந்தவள் யார் என்பது அதற்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாகப் பிறந்ததை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். இது இன்னொருத்தியின் பிள்ளை என்று எண்ணி எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. பிச்சை, குப்பாயி என்று பெயர் வைப்பதும் அதற்காகத்தான். பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யைக்கூட ஊரறியத்தான் சொன்னார்கள்.

இதில் குறைகளும் இருந்தன. கடதாசி எதுவும் இல்லாததால் பின்னால் வழக்குகள் முளைத்தன. தோட்டத்தில் நடக்கும் பிறப்பைத் தோட்டத்துரை பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப் போன பதிவில் பெற்றவர்கள் பெயர் இருக்கும், பிள்ளை வளர்வதோ வேறு வீட்டில். பாடசாலையில் சேர்க்கும்போதும், அடையாள அட்டை எடுக்கும்போதும், வளர்த்த தகப்பன் இறந்து சேமலாப நிதி கேட்டுப் போகும்போதும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். இந்தத் தொல்லைக்குப் பயந்து, எடுத்த பிள்ளையைத் தாங்களே பெற்றதாகப் பதிவு செய்தவர்களும் உண்டு. அப்படி மறைத்த வீடுகளில் உண்மை என்றைக்காவது பீலிக்கரைச் சண்டையில் எவளோ ஒருத்தியின் வாயிலிருந்து வெளியே வரும். இருபது வயதில், தண்ணீர்க் குடத்தோடு நிற்கும்போது, பிறர் வாயால் அதைக் கேட்ட பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தக் காயம் லேசில் ஆறுவதில்லை.

பஞ்சமும் தரகரும் வந்த காலம்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை நம் சனங்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தார்கள். குடும்பங்கள் பாதி இங்கும் பாதி அங்கும் பிரிந்த அதே வேளையில் 1973, 74 பஞ்சம் வந்தது. மா பங்கீடு சுருங்கியது, தோட்டங்களில் வேலைநாள் குறைந்தது, பட்டினிச் சாவுகள் நடந்தன. 1974இல் தோட்டப் பகுதிகளில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேற்பட்டவை ஒரு வயது காணவில்லை. நாட்டுச் சராசரி அதில் ஏறக்குறையப் பாதிதான்.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. உல்லாசப் பயணிகளோடு பிள்ளை தேடும் ஐரோப்பியத் தம்பதியரும் வந்தார்கள். ஐரோப்பாவில் தத்தெடுக்கக் கைக்குழந்தைகள் குறைந்திருந்தன. இங்கே வறுமை மலிந்திருந்தது. நடுவில் தரகர் நுழைந்தார். வழக்கறிஞர், வைத்தியசாலை ஊழியர், வாடகைக்கார் ஓட்டுநர், விடுதி நடத்துபவர் என்று ஒரு சங்கிலியே உருவானது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒல்லாந்து, சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், பிரித்தானியா எனப் பல நாடுகளுக்குப் போனார்கள். சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் போனவர்கள் 881 பேர்.

கொடுத்தவர்களில் சிங்களப் பெண்கள் இருந்தார்கள், தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள், தோட்டப்புறத் தாய்மாரும் இருந்தார்கள். எல்லாருமே ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. வயிற்றில் சுமந்ததை வளர்க்க வழியில்லாமல், 'எங்கேயாவது நல்லா இருக்கட்டும்' என்று அழுதுகொண்டே கொடுத்தவர்கள் பலர். கலியாணம் ஆகாமல் பிள்ளை உண்டாகி, வீட்டுக்குத் தெரியாமல் பெற்றுக் கொடுத்தவர்கள் பலர். பிள்ளை செத்துவிட்டதாக வைத்தியசாலையில் பொய் கேட்டு வெறுங்கையோடு திரும்பியதாகச் சாட்சி சொன்ன தாய்மாரும் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய சத்தியக் கடதாசியில் பெருவிரல் அடையாளம் வைத்தவர்களுக்குக் கணக்கில்லை. வளர்ப்புப் பெற்றோர் ஆயிரக்கணக்கான பிராங்க், கில்டர் என்று எண்ணிக் கொடுத்தார்கள். பெற்றவள் கைக்கு வந்து சேர்ந்தது அதில் ஒரு துளி.

பெற்றவளை நேரில் பார்க்க வேண்டும் என்று அந்தத் தம்பதியரில் பலர் கேட்டார்கள். அது நல்லெண்ணத்தில் எழுந்த விருப்பம். விடுதி முன்கூடத்திலோ நீதிமன்ற வாசலிலோ அந்தச் சந்திப்பு நடக்கும். ஒரு பெண் பிள்ளையை ஏந்தியபடி நிற்பாள். தம்பதியர் ஏதோ கேட்பார்கள், அவள் ஏதோ சொல்வாள், தரகர் மொழிபெயர்ப்பார். ஒரு புகைப்படம் எடுப்பார்கள். அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் படத்தைத் தம்பதியர் பத்திரமாக ஆல்பத்தில் ஒட்டி வைத்து, "இதுதான் உன்னைப் பெற்ற அம்மா" என்று பிள்ளைக்குக் காட்டியே வளர்த்தார்கள்.

பிற்காலத்தில் தெரியவந்த உண்மை கொடியது. அப்படி நின்ற பெண்களில் சிலர் தாயே அல்ல. கூலிக்கு அழைத்து வரப்பட்டு, தாயாக நடித்து, தாயின் பெயரில் கையெழுத்து வைத்தவர்கள். பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர், ஊர், வயது எல்லாமே சில கோப்புகளில் பொய். நெஞ்சுக்குள் நாற்பது வருடம் வைத்துப் பூசித்த முகம் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் முகம் என்று தெரிய வருவதைவிட ஒரு பிள்ளைக்கு வேறென்ன துயரம் வேண்டும்?

லயத்துத் தத்தில் உண்மை இருந்தது, கடதாசி இல்லை. தரகர் வழி நடந்த கொழும்புத் தத்தில் கடதாசி இருந்தது, உண்மை இல்லை. இரண்டாவது முதலாவதைவிடப் பல மடங்கு பெரிய கேடு. கடதாசியின் முத்திரையைப் பார்த்து உலகம் அதை நம்பிவிட்டது.

சட்டம் கண் திறந்தது

இலங்கையின் தத்துச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தத்து இல்லை, பெற்றோர் சம்மதம் வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் அன்றிப் பணம் கைமாறக் கூடாது என்பவை அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தன. சட்டத்தில் எழுதியிருந்தும் காப்பாற்ற ஆள் இல்லை. கொழும்பிலிருந்த சுவிஸ் தூதரகம் பிள்ளை வியாபாரம் நடக்கிறது என்று 1980களின் தொடக்கத்திலேயே தன் நாட்டுக்கு அறிவித்தது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1987இல் பொலிஸார், விற்பதற்காகப் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும் 'குழந்தைப் பண்ணை' ஒன்றை முற்றுகையிட்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. வெளிநாட்டுத் தத்துகள் சில காலம் நிறுத்தப்பட்டன. 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வெளிநாட்டவருக்கான கதவைப் பெருமளவு சாத்தியது. தாயிடமிருந்தோ தரகரிடமிருந்தோ நேரடியாகப் பிள்ளையை வாங்கும் வழி அடைபட்டு, நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் வழியாகவே எல்லாம் நடக்க வேண்டும் என்றானது.

1993இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்துப் பற்றிய உடன்படிக்கை உருவானது. மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை என்ற மூன்று நாடுகள் முதலில் ஏற்றுக்கொண்டதால்தான் அது 1995 மே 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை இழந்த நாடு முதல் வரிசையில் நின்று அதை ஏற்றது. தாயின் சம்மதத்தைப் பிள்ளை பிறந்த பிறகே வாங்க வேண்டும், பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கக் கூடாது என்கிறது 4ஆம் உறுப்புரை. உறவுக்குள் நடக்கும் தத்துப் போன்றவை தவிர, சம்மதமும் பிற நிபந்தனைகளும் நிறைவேறும்வரை எடுக்கப்போகிறவர்கள் பெற்றவர்களைச் சந்திக்கவே கூடாது என்கிறது 29ஆம் உறுப்புரை. விடுதி முன்கூடச் சந்திப்புகள் எப்படி நடந்தன என்று அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். பெற்றோர் யார் என்ற விபரத்தை அரசுகள் பாதுகாத்து வைத்து, நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்கிறது 30ஆம் உறுப்புரை.

ஐரோப்பா தன் தவறைப் பார்க்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. 2017 செப்டெம்பரில் ஒல்லாந்தின் 'செம்ப்ளா' தொலைக்காட்சி நிகழ்ச்சி இலங்கைத் தத்துகளில் நடந்த மோசடியை அம்பலப்படுத்தியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்ததை அந்த நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். தாயும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் கண்டடைய மரபணு வங்கி அமைப்பதாகவும் சொன்னார். 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு இலங்கைத் தத்துகளில் நடந்த முறைகேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் ஒல்லாந்து விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் முறைகேடு ஊறிப்போயிருந்தது, அரசும் அதை அறிந்திருந்தது என்று அறிக்கை கொடுத்தது. அரசு மன்னிப்புக் கேட்டு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரியில் சுவிஸ் அரசும் வெளிநாட்டுத் தத்தைத் தடை செய்யும் தன் எண்ணத்தை அறிவித்தது.

தேடி வருகிறவர்கள்

அறிக்கைகள் ஒரு பக்கம் இருக்க, ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் நாலு கடதாசி: பிறப்புச் சான்றிதழின் பிரதி, நீதிமன்றத் தத்துக் கட்டளை, தாயின் சத்தியக் கடதாசி, ஒரு மங்கலான படம். அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் ஒருத்தியைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலாவது இடர் பெயர். லெட்சுமி, மாரியாயி, செல்லம்மா, முத்தம்மா என்று ஒரே பெயரில் ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். தமிழ் தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி அதை வேறு மொழியில் எழுதியிருப்பார். தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும், அல்லது விடுபட்டிருக்கும். இரண்டாவது இடர் இடம். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் கூப்பிடும் பெயர் ஒன்று. டிவிசன்கள் பிரிந்தும் சேர்ந்தும் இருக்கின்றன. 1970களில் தோட்டங்கள் அரசிடம் போய், 1992இல் கம்பனிகள் கைக்கு வந்தபோது தொழிலாளர் பெயர் எழுதும் பழைய செக்ரோல் புத்தகங்கள் பலவும் காணாமல் போயின. மூன்றாவது இடர் மனிதர்களே இடம் மாறியது. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. ஒப்பந்தப்படி கப்பலேறியவர்கள் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே கொழுந்துக் கூடையோடு வாழ்ந்து முடித்தார்கள். றொசல்லவில் பிள்ளையைக் கொடுத்த தாயை, தமிழ்நாட்டில் தேட வேண்டி வரலாம்.

இப்போது மரபணுச் சோதனை துணைக்கு வந்திருக்கிறது. எச்சிலில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால், உறவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறது. தாய் என்று நம்பி யாரைக் கட்டிப்பிடித்து அழுதார்களோ அவர் தாயல்ல என்று சோதனை முடிவு வந்த பிறகு தெரிந்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அழுகைக்கு முன் சோதனை என்பது கேட்கக் கடினமாக இருந்தாலும், இரண்டு பேரையும் காப்பாற்றும் ஒழுங்கு அதுதான்.

தாயைக் கண்டுபிடித்த பிறகு நடப்பதில்தான் ஊரின் பொறுப்பு தொடங்குகிறது. அவளுக்கு இன்று அறுபதைக் கடந்த வயது. அந்தப் பிள்ளைக்குப் பிறகு கலியாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லாத ஒரு இரகசியத்தை நாற்பது வருடமாக அவள் வயிற்றிலேயே கட்டி வைத்திருக்கலாம். லயக்காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்தப் பக்கம் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அந்த லயத்து வாசலில் வேன் ஒன்று வந்து நின்று, வெள்ளைக்காரத் தோரணையில் ஒருவர் இறங்கி, பின்னால் ஒருவர் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால், அன்று சாயங்காலத்துக்குள் மூன்று டிவிசனுக்கும் செய்தி போய்விடும். பிள்ளையைக் கொடுத்தவள் என்ற பேச்சோடு அவள் மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும். வந்தவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

நல்ல வழிகாட்டிகள் அப்படிச் செய்வதில்லை. முதலில் தமிழ் பேசும் ஒரு பெண் தனியாகப் போய், அவளைத் தனியாகச் சந்திக்கிறாள். மலையிலோ லயத்திலோ வைத்துப் பேசாமல் கோயிலுக்கோ வைத்தியசாலைக்கோ வரச் சொல்கிறாள். "ஒங்களப் பாக்க ஒருத்தர் ஆசப்படுறாங்கம்மா, ஒங்களுக்கு விருப்பமில்லைன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்கிறாள். சரி என்றால் ஹட்டன் டவுனிலோ கண்டியிலோ ஒரு இடத்தில் சந்திப்பு நடக்கிறது. வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தாயே முடிவு செய்கிறாள்.

மொழியும் ஒரு சுவர். வருகிறவருக்கு டச்சும் ஜெர்மனும் தெரியும். தாய்க்குத் தமிழ் மட்டும் தெரியும். பிள்ளை கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'ஏன் கொடுத்தீர்கள்' என்பது. ஆங்கிலமும் சிங்களமும் மட்டும் தெரிந்த சுற்றுலா வழிகாட்டியால் அந்தக் கேள்வியைத் தோட்டத்துத் தாயிடம் அதன் மென்மையோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அவள் சொல்லும் பதிலில் பஞ்சம் இருக்கும், மானம் இருக்கும், குடிகாரத் தகப்பன் இருப்பான், கங்காணி வீட்டு நிர்ப்பந்தம் இருக்கும். தோட்டத்துப் பேச்சை அறிந்த ஒருவர்தான் அதை முழுசாகக் காதில் வாங்க முடியும். ஆங்கிலம் படித்த நம் இளைஞர்களும் யுவதிகளும் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

இன்று ஒரு பிள்ளையை எடுப்பது

இன்று தோட்டத்துப் பெண் லயத்தில் பிள்ளை பெறுவதில்லை. டிக்கோயாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ போகிறாள். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையில் 150 கட்டில்கள் உண்டு. ஆனாலும் வளர்க்க முடியாத பிள்ளை பிறப்பது நிற்கவில்லை. கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பெண், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண், காதலித்தவன் கைவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறு எதற்கும் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருவதில்லை. பயத்தில் பிள்ளையைத் தேயிலைச் செடிக்கடியில் விட்டுவிட்டுப் போகும் கொடுமையும் அவ்வப்போது செய்தியில் வருகிறது. அப்போது பொலிஸார் தாயைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவளைத் தாயாக்கியவனை யாரும் தேடுவதில்லை.

இந்தப் பெண்ணுக்கு வழி உண்டு என்பதை நாம் சத்தமாகச் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாத நிலையை வைத்தியசாலையில் தாதியிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ மறைக்காமல் சொல்லலாம். அவர்கள் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவிப்பார்கள். பிள்ளை அரசின் பொறுப்பிலுள்ள இல்லத்துக்கோ பதிவு பெற்ற இல்லத்துக்கோ போகும். அங்கிருந்து சட்டப்படி தத்துப் போகும். தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இதே எண்ணத்தில் வந்தது. இந்தியச் சட்டத்தில், பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறினால் திரும்பிப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. பெற்ற வலியும் பயமும் தணியாத பெண்ணுக்கு அந்த அவகாசம் மிகவும் தேவை. இங்கும் அது கண்டிப்பான விதியாக வேண்டும்.

எடுக்க விரும்புகிறவர்கள் மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். எடுக்கிறவருக்கு 25 வயதாவது இருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நெருங்கிய உறவுக்கு இதில் தளர்வு உண்டு. பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள். கடைசியில் நீதிமன்றம் கட்டளை தரும். காத்திருக்கும் காலம் நீளம்தான். அந்தப் பொறுமையின்மையில்தான் தரகர் மறுபடி நுழைகிறார். மொறட்டுவையில் கர்ப்பிணிப் பெண்களைத் தங்கவைத்து, பிறந்த பிள்ளைகளை இணையத்தின் வழியே விற்றதாக 2020 டிசம்பரில் ஒருவர் கைது செய்யப்பட்டார். விடுதி முன்கூடம் கைத்தொலைபேசித் திரைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குறை மட்டும் அன்றும் இன்றும் அப்படியே நிற்கிறது. தத்துக் கட்டளை கிடைத்ததும் பிள்ளைக்குப் புதிய பதிவு வருகிறது. பழைய பிறப்புப் பதிவையும் புதியதையும் இணைக்கும் விபரம் மூடி வைக்கப்படுகிறது. நீதிமன்றம் சொன்னால்தான் திறக்கும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், பதினெட்டு வயதான தத்துப்பிள்ளைக்குத் தன் முதல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் பல குடும்பங்களில் பெற்றவளும் வளர்த்தவளும் ஒருவரை ஒருவர் அறிந்து, கடிதமும் படமும் பரிமாறிக்கொண்டே பிள்ளையை வளர்க்கிறார்கள். நம் பழைய லயத்துத் தத்தும் ஏறக்குறைய அதுதான். ஒளிவுமறைவில்லாமல் வளர்க்க நமக்கு வெளியிலிருந்து எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே சிலருக்குச் சில வார்த்தை.

சட்டம் செய்கிறவர்களுக்கு: பதினெட்டு வயதான ஒவ்வொரு தத்துப்பிள்ளைக்கும் தன் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். 2017இல் சொன்ன மரபணு வங்கியை அரசின் பொறுப்பில், தாய்க்குச் செலவில்லாமல் நடத்துங்கள். தமிழ் பேசும் உத்தியோகத்தரை அதில் வையுங்கள். முதலில் போன பிள்ளைகளின் தாய்மார் முதுமையில் இருக்கிறார்கள், இதற்கு இனித் தாமதம் கூடாது.

பிள்ளை எடுத்தவர்களுக்கு: ஐந்து வயதுக்குள் சொல்லிவிடுங்கள். மடியில் வைத்து நீங்கள் சொன்னால் அது பிள்ளைக்குக் கதை. பீலிக்கரையில் இன்னொருத்தி சொன்னால் அது பிள்ளைக்கு இடி. பெற்றவளைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் சொல்லாதீர்கள். உறவுக்குள் எடுத்த பிள்ளையாக இருந்தாலும் நீதிமன்றம் போய்க் கடதாசி எடுத்துவிடுங்கள்.

வயிற்றில் பிள்ளையோடு வழி தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு: தரகர் வீட்டுக்குப் போகாதே. பிரதேச செயலகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். 1929 என்ற இலக்கத்தில் சிறுவர் உதவிச் சேவை இருக்கிறது. நீ வளர்க்க நினைத்தாலும் கொடுக்க நினைத்தாலும் சட்டம் உன் பக்கம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாங்கள் கேட்போம்.

றொசல்லவிலும் மற்றத் தோட்டங்களிலும் இருக்கும் பெரியவர்களுக்கு: 1975க்கும் 1990க்கும் இடையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்து காணாமல் போனது, யார் வந்து கேட்டார்கள், எந்தக் குடும்பம் எந்த வருடம் இந்தியாவுக்குப் போனது என்பது உங்கள் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதி வையுங்கள். தேடி வருகிறவரிடம் காசு வாங்காதீர்கள். தாயின் இரகசியத்தை ஊருக்கு அவிழ்க்காதீர்கள். இரண்டையும் காத்து, கேட்டு வருகிற பிள்ளைக்கு அதன் தாயின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.